கயிறு தள்ளாது

இந்தக் கணக்கை நீங்கள் எல்லோரும் முதலாம் ஆண்டிலேயே போட்டிருப்பீர்கள். ஒரு வளையம். அதில் ஒரு சுமை தொங்குகிறது. வளையத்தை மூன்று கயிறுகள் மூன்று பக்கமும் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கயிற்றிலும் எவ்வளவு இழுவிசை என்று காண வேண்டும். ஒவ்வொரு விசையையும் நீளவாக்கு, அகலவாக்கு, உயரவாக்கு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வாக்கிலும் கூட்டினால் பூஜ்யம் என்று எழுதினால் மூன்று சமன்பாடுகள் வரும். தெரியாதவையும் மூன்றுதான். பதற்றமில்லாமல் போட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதை விருதுநகர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பதினோரு வருடம் நடத்தினேன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அலுவலகத்தைச் சிவகாசியில் தொடங்கினேன். "புதுசா வந்திருக்கவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று நீங்கள் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. கட்டிய கட்டடங்களைப் பற்றி இரண்டு முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அவை நிற்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எழுத வேண்டியது வேறொன்று. அந்த மூன்று கயிற்றுக் கணக்கின் விடையை ஒரு நாள் காலையில் நான் தவறாகப் படித்தேன். அந்தத் தவறை இன்னொருவர் தன்னுடையது என்று நம்பி ஐந்து வருடம் சுமந்தார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றின் முதலாளி, ஜெர்மனியிலிருந்து பழைய ஆப்செட் மிஷின் ஒன்றை வாங்கியிருந்தார். கீழே இடமில்லை. மாடித் தளத்தைப் பலப்படுத்தி, மிஷினை அங்கே ஏற்ற வேண்டும். இரண்டு வேலையும் என்னிடம் வந்தன. மிஷின் நான்கு பகுதிகளாகப் பிரிந்து வந்திருந்தது. ஒரு பகுதி ஒன்றரை டன். அச்சகம் இருந்த தெரு குறுகல். கிரேன் திரும்ப வழியில்லை. கயிறும் கப்பியும்தான்.

ஏற்றும் வேலைக்குச் சங்கையாவைக் கூப்பிட்டோம். சிவகாசி அச்சகங்களில் பாரமான மிஷின் எது வந்தாலும் அவருடைய எட்டுப் பேர் கொண்ட குழுவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஐந்தாவது வரை படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குழுவில் இருந்த குருசாமி அவர் மனைவியின் தம்பி. அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு இவரும் அத்தானோடு தொழிலுக்கு வந்துவிட்டார்.

நான் வகுத்த ஏற்பாடு எளிதானது. மாடியின் முன்சுவரில் மேற்கு ஓரமாக ஒரு பெரிய திறப்பு இடித்திருந்தோம். மாடிக்குள்ளே இரண்டு தூண்கள், மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. அவற்றின் உச்சியிலிருந்து இரண்டு கயிறுகள். மூன்றாவது கயிறு தெருவைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடித் தூணிலிருந்து. லாரியிலிருந்து சுமையைத் தூக்கி, எதிர்க் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உள் கயிறுகளை இழுத்தால் சுமை திறப்புக்கு வந்துவிடும். எல்லா இடத்துக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நாள் குறித்தவர் முதலாளி. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கிழமை. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது மிஷின் ஏற்ற மாட்டார்கள். ஆவணிக்குத் தள்ளினால் அந்த வருடக் காலண்டர் சீசன் அவருக்கு இல்லை. ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் முதல் பகுதி மாடித் தரையைத் தொட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம். நாடு முழுக்க எந்த வீட்டுச் சுவரிலும் நல்ல நேரத்தை அச்சடித்துத் தொங்கவிடுகிறவர் அவர். அந்த நேரத்தை அவரே மீற முடியுமா?

காலை எட்டரைக்கு எதிர்க் கட்டடக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். பட்டாசு மொத்தக் கடை வைத்திருப்பவர். கயிறு கட்டிக்கொள்ள ஒரு வாரம் முன்பே ஒப்புக்கொண்டவர்.

"அண்ணாச்சி, வேண்டாம். நேத்துத்தான் சரக்கு மாடிக்கு ஏறியிருக்கு. உங்க கப்பி உரசி ஒரு பொறி விழுந்துச்சுன்னா உங்க மிசினு மட்டுமா போகும்? தெரு போகும்."

"ஒரு மணி நேர வேலைதான் அண்ணாச்சி," என்றார் எங்கள் முதலாளி.

"பொறி விழ ஒரு மணி நேரமா வேணும்?"

சிவகாசியில் இதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். கிழக்கே தெரு வளையும் இடத்தில் அச்சகத்துக்குச் சொந்தமான தண்ணீர்த் தொட்டி உயரமான கான்கிரீட் கால்களில் நின்றது. கால்கள் பலமானவை, நானே கட்டியவை. "மூணாவது கயித்தை அங்க கட்டலாம்," என்றேன். லாரியையும் அதற்கேற்பக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

திசை மாறினால் கணக்கும் மாறும். அதை நான் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூரங்களை அளந்துகொண்டு வந்து, அச்சக அலுவலக மேஜையில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் புதிதாகப் போட்டேன். இரண்டு இடங்களுக்குப் போட்டேன். லாரிக்கு மேலே சுமை தொங்கும் இடத்தில் மூன்று கயிற்றுக்கும் ஒழுங்கான விடை வந்தது. திறப்புக்கு நேரே சுமை வரும் இடத்தில் மேற்குக் கயிறும் தொட்டிக் கயிறும் சரியாக வந்தன. கிழக்குத் தூண் கயிற்றுக்கு மைனஸ் நூற்றுத் தொண்ணூறு கிலோ வந்தது.

பதினோரு வருடம் வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறேன். "மைனஸ் வந்தா பயப்படாதீங்க. நீங்க நினைச்ச திசை மாறிப்போச்சுன்னு அர்த்தம், அளவு சரிதான்." இரும்புத் தண்டுகளால் ஆன சட்டகத்துக்கு அது சரி. தண்டு இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். அன்று காலை அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குள் கேட்டது. கதவருகே முதலாளி கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ குறி ஒன்றை மாற்றி எடுத்திருப்பேன், அளவு சின்னதுதானே என்று நினைத்தேன். மைனஸை விட்டுவிட்டு 190 என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

வெளியே வந்தபோது சங்கையா தொட்டியையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்குத் தூண் கயிறு அவர் பொறுப்பு.

"சார், தொட்டியில கட்டுனா, சுமை வாசல்கிட்ட வாரப்ப எங் கயிறு தொங்கிராதா?"

"கணக்குப் பாத்துட்டேன் சங்கையா. உங்க கயித்துல நூத்தித் தொண்ணூறு கிலோதான் வரும். பயப்படாதீங்க."

"பயமில்ல சார். கனம் வந்தாப் பிடிச்சிரலாம். கனம் வராமப் போனாத்தான்..."

"ஏம்ப்பா," என்று முதலாளி குறுக்கிட்டார், "சார் காலேசுல பாடம் எடுத்தவரு. மணி ஒம்பதே முக்காலு. நீ அவருக்குப் பாடம் எடுக்கப் போறியா?"

சங்கையா சிரித்தார். "நமக்கு எதுக்குங்க அது," என்று மாடிக்குப் போனார்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கயிறு தொங்குமா என்று கேட்டார். எவ்வளவு எடை வரும் என்று சொன்னேன். அவருடைய கேள்வி என் தாளில் எங்கே இருந்தது என்று தேடியிருந்தால், நான் எழுதாமல் விட்ட அந்த மைனஸ் குறியில்தான் இருந்திருக்கும். அரை நிமிடம் போதும். என்னிடம் அரை நிமிடம் இருந்தது. படித்தவன் என்று என்னைச் சொன்னது காதுக்கு இதமாகவும் இருந்தது.

சுமை மேலே எழும்பியது. அழகாகத்தான் எழும்பியது. மரச்சட்டத்தில் கட்டிய மிஷின் பகுதி தெருவுக்கு மேலே மெல்லச் சுழன்று நின்றது. கீழே வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஜெர்மனிக்காரி ஜாதகம் பாத்தாச்சாங்க மொதலாளி?" என்று கீழே நின்ற ஒருவர் கேட்டார்.

"பாக்காமலா? பொருத்தம் பாத்துத்தான் கூட்டியாந்திருக்காக," என்று மேலேயிருந்து குருசாமி பதில் கொடுத்தார். அவர் திறப்பின் விளிம்பில், சுமையைக் கைகாட்டி உள்ளே வாங்குவதற்காக நின்றார்.

"ஏலே, வாயை மூடிக்கிட்டு காலைப் பாத்து வையி," என்றார் சங்கையா. கிழக்குத் தூணில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றேன்.

சுமை மேற்கே திறப்பை நோக்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அதற்கு மேல் வர மறுத்தது. குழுவில் நான்கு பேர் சுமையில் ஒரு இழுகயிற்றை மாட்டி, "ஐலசா" போட்டு இழுத்தார்கள். என் கணக்குப்படி யாரும் இழுக்க வேண்டியதே இல்லை. மூன்று கயிறும் தாமே சுமையைத் திறப்புக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு ஆண்கள் நரம்பு புடைக்க இழுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சமன்பாடுகளைவிடப் பெரிய சாட்சி. அப்போதும் நான் "நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை. மணி பத்தே பத்து.

சுமையின் சட்டம் திறப்பின் விளிம்பில் ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்தது. இழுத்தவர்கள் மூச்சு வாங்கக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சட்டம் விளிம்பிலிருந்து வழுக்கி, கிழக்கு நோக்கித் திரும்ப ஓடியது. ஓடும்போது குருசாமியின் இடது காலை விளிம்போடு சேர்த்து அரைத்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் சங்கையாவின் கயிறு ஒரு வெட்டு வெட்டி விறைத்து, சுமையை நிறுத்தியது.

குருசாமியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சங்கையாவும் பாதி தூரம் ஓடினார். பிறகு, தொங்கும் சுமையைக் கீழே இறக்க வேறு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தவர் போலத் திரும்பி வந்து, அதை லாரியில் இறக்கினார். முடித்ததும் அப்படியே நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

முதலாளி நேரே என்னிடம் வந்தார். குழுவில் மிச்சமிருந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

"கிழக்குக் கயிறு தொங்கிக்கிட்டு இருந்ததை எல்லாரும் பாத்தோம். கயித்தை விட்டுட்டானா சார்?"

நான் தலையாட்டினேன்.

ஒரு சொல்கூடப் பேசவில்லை. தலையை ஒரு முறை கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவந்தேன். சங்கையா அதைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அதே அளவுகளை வைத்துத் திரும்பப் போட்டேன். மைனஸ் நூற்றுத் தொண்ணூறு. குறி எங்கும் தவறவில்லை. பிறகு, கணக்கே இல்லாமல், மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் வரைந்தேன். கயிறுகள் கட்டிய மூன்று இடங்களையும் மூன்று புள்ளிகளாக வைத்து இணைத்தால் ஒரு முக்கோணம். சுமை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை மூன்று கயிறும் இழுக்கும். எதிர்க் கட்டடத்தில் கட்டியிருந்தால் திறப்பு முக்கோணத்துக்குள் வந்திருக்கும். தொட்டிக்கு மாற்றியதும் முக்கோணம் கிழக்கே சாய்ந்துவிட்டது. திறப்பு ஒன்றரை அடி வெளியே போய்விட்டது. அங்கே சுமை நிற்க வேண்டுமானால் கிழக்குக் கயிறு அதைத் தள்ள வேண்டும். கயிறு தள்ளாது. தொங்கும். சங்கையா என்னிடம் கேட்டது இதைத்தான்.

குருசாமியின் பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, "உங்க மேல ஒண்ணும் இல்ல சார், ஆளு சரியில்ல," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆவணியில் வேறொரு குழு வந்து, எதிர்க் கட்டடக்காரரிடம் பேசி, கப்பிகளுக்கு ஈரச்சாக்குச் சுற்றி, மிஷினை ஏற்றியது. அடுத்த வருடம் அந்த முதலாளியின் புதுக் கட்டடத்தை நான்தான் கட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெரிய காரணம் எதுவும் இல்லை. முதல் நாள் பயம். இரண்டாம் நாள், நேற்றே சொல்லாதவன் இன்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சங்கையாவின் குழு கலைந்துவிட்டதாகவும், எந்த அச்சகமும் அவரைக் கூப்பிடுவதில்லை என்றும், மாமனார் வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை என்றும் காதில் விழுந்தது. கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

ஐந்து வருடம் கழித்து, விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குச் சுவர் விரிசல் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபோதுதான் சங்கையா என்று தெரிந்தது.

"நல்லா இருக்கீகளா சார்?"

"இருக்கேன் சங்கையா. நீங்க?"

"இருக்கேன். உங்களைப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்." துண்டை மடித்தார். "அன்னைக்கு நீங்க கணக்கெல்லாம் போட்டுச் சரியாத்தான் கொடுத்தீக. நான் கயித்தை விட்டுட்டேன். என்னால உங்க பேருக்கும் ஒரு சொல்லு வந்திருக்கும். மனசுல வச்சுக்கிராதீக."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல" என்றேன். என் தவறுக்குப் பழி சுமந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்துவிட்டு, விரிசலைப் பார்க்கப் போனேன்.

தலையாட்டியதைவிட இதுதான் கேவலம். தலையாட்டியபோது குழப்பத்தில் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த "பரவாயில்ல"வுக்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் விலாசம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை வீடு. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலேயே சொன்னேன். "சங்கையா, நீங்க கயித்தை விடல. என் கணக்கு தப்பு. நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, தொங்கிராதான்னு, அது சரி. கயித்தைத் தொட்டியில கட்டுன பிறகு, உங்க இடத்துல யார் பிடிச்சிருந்தாலும் அது தொங்கியிருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சங்கையா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப நான் விடலையா?"

"விடல."

"கயிறு எங் கையிலதான் இருந்துச்சு சார்," என்றார் மெதுவாக. "மூணு சுத்தும் தூணுல அப்படியே இருந்துச்சு. கனம் மட்டும் இல்லாமப் போச்சு. அதை எம்புட்டோ தடவை நெனச்சுப் பாத்திருக்கேன். விட்ட ஞாபகமே வராது. ஆனா சார் தலையாட்டுனாரே, கணக்குத் தெரிஞ்சவராச்சே, அப்ப நாமதான் நம்மளை அறியாம விட்டிருக்கணும்னு..." கைகளைத் தொடையில் துடைத்தார். "கையே பொய் சொல்லுதோன்னு இருந்துச்சு சார். அதுக்கப்புறம் எந்தக் கயித்தையும் பிடிக்க முடியல."

ஐந்து வருடமாக அவர் தொழிலை விட்டதற்கு அச்சகங்கள் கூப்பிடாததுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்கம்மா செத்ததுக்குப் போயி, நானும் இவுகளும் தெருவுலயே நின்னுட்டு வந்தோம். அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். சங்கையா சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன சார்? நாரணாபுரத்துக்கு வாங்க. குருசாமிகிட்டச் சொல்லுங்க."

அதற்கு முன் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு எனக்குச் சொல்ல வராது. கயிற்றுக்கு மைனஸ் வந்தால் பென்சிலைக் கீழே வையுங்கள். அந்த ஏற்பாடு நிற்காது என்று அது சொல்கிறது. எத்தனை பேர் கடிகாரத்தைப் பார்த்தாலும் எழுந்து போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள். சுமையைப் பிடிக்கப் போகிறவர் ஒரு கேள்வி கேட்டால், உங்கள் தாளில் அதற்கான பதிலை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் கற்றுக்கொள்ளலாம். தப்பு என்று தெரிந்த அன்றே வாயைத் திறப்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியவில்லை; நானே இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கணக்குத் தெரிந்தவன் தலையாட்டினால், எளிய மனிதர் தன் கையையே நம்பாமல் போவார். உங்கள் படிப்புக்கு அவ்வளவு பலம் உண்டு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாரணாபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனோம். தெருமுனைக்கு வந்ததும் சங்கையா நின்றார். "நீங்க முன்ன போங்க சார்," என்றார். ஐந்து வருடமாக அவர் அந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லை.

குருசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலை. பக்கத்தில் சுருட்டிய குழாய்கள் குவிந்திருந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டார். எனக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தார். கை நிற்கவில்லை.

சங்கையாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். இந்த முறை இன்னும் தெளிவாகச் சொன்னேன். தொட்டி, திறப்பு, முக்கோணம் எல்லாம். அவர் காகிதத்தை வெட்டி, பசை தடவி, கம்பியில் சுருட்டி, உருவிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆக, அத்தான் கயித்தை விடல," என்றார்.

"விடல."

"நீங்க தலையாட்டுனப்ப உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அப்ப உறுதியாத் தெரியாது. சந்தேகம் வந்துருச்சு. சாயங்காலம் தெரிஞ்சுபோச்சு."

அவர் ஒரு குழாயை முடித்து வைத்தார். "அதுக்கப்புறம் எம்புட்டுச் சாயங்காலம் வந்துச்சு சார்?"

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. சுருட்டும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். இடது குதிகாலை மட்டும் ஊன்றி, என்னைத் தாண்டி இரண்டு எட்டு நடந்து, தெருவில் நின்ற சங்கையாவின் முன்னால் போய் நின்றார். சங்கையா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

"என்ன அத்தான், தெருவுல நிக்கீக?" என்றார் குருசாமி. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ இவளே, இன்னொரு தட்டு எடுத்து வையி. அத்தான் சாப்பிட்டுத்தான் போவாக. அக்காவுக்கும் ஆளனுப்பு," என்றார்.

சங்கையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவரைச் சாப்பிடாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

குருசாமி வாசலில் குறுக்கே நின்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க கிளம்புங்க சார். ஒண்ணரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு."